செதுக்கியவர் பெயர் எங்கே?

கனடாவின் வடக்கே, வருடத்தில் பாதிக்கு மேல் பனி மூடிக் கிடக்கும் பாஃபின் தீவில் 1927இல் பிறந்தவர் கெனோஜுவாக் அஷெவாக், இனூயிட் பழங்குடிப் பெண். அவர் வரைந்து 1960இல் அச்சான 'மாய ஆந்தை' என்ற ஓவியம் பத்தே ஆண்டுகளில் கனடாவின் தபால்தலையில் இடம்பிடித்தது. அதற்கு முன்பே, 1967இல், 'ஆர்டர் ஆஃப் கனடா' என்ற உயரிய விருதும் அவரைத் தேடி வந்துவிட்டது. பெயரும் புகழும் வந்த பிறகும் அவர் பெருநகரத்துக்குக் குடிபெயரவில்லை. 2013இல் இறக்கும்வரை அந்தத் தீவை ஒட்டிய கேப் டார்செட் என்ற சிற்றூர்தான் அவருக்கு வீடு, பட்டறை எல்லாம்.

அந்த வாழ்க்கையைக் கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்து படித்தால் ஒரு கேள்வி உறுத்தும். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் பக்கத்துப் பட்டறைகளில் சாமி சிலைகள், கோயில் வாகனங்கள், தேர் பொம்மைகள், கதவுகள் எல்லாம் உருவாகின்றன. இந்தச் சிற்பிகளில் ஒருவர் பெயரையாவது தமிழ்நாட்டில் எத்தனை பேருக்குச் சொல்லத் தெரியும்? 2024 ஜூனில் விஷச் சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் காவு வாங்கியபோது கள்ளக்குறிச்சி என்ற ஊர்ப்பெயர் நாடெங்கும் ஒலித்தது. அந்த ஊரின் உளி இன்னும் அந்த அளவுக்கு அறிமுகமாகவில்லை.

பட்டறை வேலை அவசரத்துக்கு நடப்பதல்ல. வாகைக் கட்டையை அறுத்து, ஈரம் போகக் காயவிட வேண்டும். காயாத கட்டையில் கைவைத்தால் முடித்த சிலை பிறகு வெடித்துப் பிளக்கும். அளவு குறித்து, கொட்டாப்புளியால் தட்டித் தேவையில்லாத மரத்தைக் கழித்து, பெரிய உளி, சிறிய உளி என்று மாற்றி மாற்றி நகை, மடிப்பு, விரல் என இறங்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடிப்பதற்குள் நாட்கள் ஓடிவிடும். இவ்வளவும் ஆன பிறகு சிலை கடைக்குப் போகிறது. பெரும்பாலும் ஊர்ப்பெயர் கூடவே போகும்; செதுக்கியவர் பெயர் பட்டறையிலேயே நின்றுவிடும்.

கனடா இதில் உத்தமமான நாடு என்று சொல்ல வரவில்லை. 1941 முதல் அந்த நாட்டு அரசு இனூயிட் மக்களுக்கு எண் பொறித்த வில்லைகளைக் கொடுத்து, பெயருக்குப் பதில் எண்ணால் கணக்கு வைத்திருந்தது. அதே அரசுதான் 1958இல், போலிச் சிற்பங்கள் சந்தையை நிறைத்தபோது, 'இக்லூ' அடையாளச் சீட்டைக் கொண்டுவந்தது. சிற்பம் அசல் இனூயிட் கைவேலை என்று உறுதி சொல்லும் அந்தச் சீட்டில் கலைஞர் பெயருக்கும் இடம் வைத்தார்கள். மறு ஆண்டு கேப் டார்செட்டில் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. வரைந்ததை அச்சிட்டு, தெற்கே பெருநகரங்களுக்கு அனுப்பி விற்றுத் தந்தது அந்தச் சங்கம். கெனோஜுவாக் ஊரைவிட்டுக் குடிபெயராமல் உலகப் புகழ் பெற்றதன் பின்னணி இதுதான்.

ஆனால் பணக் கணக்கில் கனடா கோட்டை விட்டது. தொடக்கத்தில் 24 டாலருக்கு விற்ற 'மாய ஆந்தை' பிரதிகளில் ஒன்று 2018இல் டொரொன்டோ ஏலத்தில் 2,16,000 டாலருக்குப் போனது. மறுவிற்பனையில் கலைஞருக்கோ வாரிசுக்கோ பங்கு கேட்க அங்கே சட்டம் இல்லை. அந்த நாட்டுக் கலைஞர் அமைப்புகள் அதற்காகப் பல ஆண்டுகளாகப் போராடி வருகின்றன.

நம்மிடம் அந்தச் சட்டம் உண்டு. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தத்தின் மூலம் 53ஏ பிரிவு சேர்ந்தது. அசல் ஓவியமோ சிற்பமோ மறுவிற்பனையில் 10,000 ரூபாய்க்கு மேல் போனால், படைத்தவரோ வாரிசோ 10 சதவீதம் வரை பங்கு கேட்கலாம். ஆனால் சிலையில் பெயரும் இல்லை, விற்றதற்குப் பதிவும் இல்லை என்றால் யார் போய், எதைக் காட்டிக் கேட்பது? அங்கே பெயர் இருக்கிறது, சட்டம் இல்லை. இங்கே சட்டம் இருக்கிறது, பெயர் இல்லை.

சாமி சிலையில் மனிதன் தன் பெயரைப் பொறிப்பது நம் மரபா என்று சிலர் கேட்கலாம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, அதைக் கட்டிய குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் பெயரை ஆயிரம் ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. குமரிக் கடலில் 2000இல் எழுந்த 133 அடி திருவள்ளுவர் சிலை என்றால் கணபதி ஸ்தபதி பெயரும் கூடவே வருகிறது. சாமியின் மேல் பொறிக்க மனம் வராதவர்கள் பீடத்தின் அடியில் பொறிக்கலாம். பல கைகள் சேர்ந்து செய்த வேலை என்றால் பட்டறையின் பெயரோடு எல்லார் பெயரையும் சீட்டில் எழுதலாம்.

கூட்டுறவுப் பாடம் இதே மாவட்டத்தில் உள்ள கல்வராயன் மலைக்கும் பொருந்தும். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கென 'லாம்ப்' என்ற பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்கெனவே உண்டு. அந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி இளைஞர்களில் விருப்பம் உள்ளவர்களுக்கு அடிவாரப் பட்டறைகளில் உதவித்தொகையோடு பயிற்சி தந்து, அவர்கள் செய்வதைச் சங்கம் வழியாக விற்றால், பிழைப்புக்காக வெளியூர் போகும் சிலராவது ஊரில் தங்குவார்கள்.

தமிழ்நாடு அரசின் கைவினைப் பொருள் நிறுவனமான பூம்புகாரும் மாவட்ட நிர்வாகமும் உடனே செய்யக்கூடியவை மூன்று. ஒவ்வொரு சிற்பியையும் புவிசார் குறியீட்டின் அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகப் பதிவு செய்ய முகாம் நடத்துவது. விற்கும் ஒவ்வொரு சிற்பத்தோடும் சிற்பியின் பெயர், ஊர், ஆண்டு எழுதிய சீட்டைக் கட்டாயமாக்குவது. அதே விவரத்தை விற்பனை ரசீதிலும் ஏற்றுவது. இதற்குப் புதுச் சட்டமோ பெரிய நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. வாங்குபவர்களும் விலை பேசுவதற்கு முன் செய்தவர் யார் என்று கேட்கட்டும்.