சுவரில் மாட்டிய பலகை

நாவல் படிப்பது வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இன்னும் அநேகர் உண்டு. அவர்கள் நமது பேட்டை வாசகர் கூட்டத்துக்கு ஒரே ஒரு மாலை வந்து உட்கார்ந்தால் போதும். தங்கள் அபிப்பிராயத்தை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் திரும்புவார்கள். மாதம் ஒரு முறை, பத்துப் பன்னிரண்டு பேர், யாராவது ஒருவர் வீட்டுக் கூடத்தில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்து, ஒரு புஸ்தகத்தைப் பற்றிப் பேசுவது வழக்கம்.

சென்ற மாதம் ஜூலியா ஆல்வாரஸ் அம்மையார் ஆங்கிலத்தில் எழுதி 1994-ல் வெளிவந்த 'இன் தி டைம் ஆஃப் தி பட்டர்ஃப்ளைஸ்' என்ற நாவலை எடுத்துக்கொண்டோம். 'வண்ணத்துப்பூச்சிகளின் காலத்தில்' என்று அதற்குப் பொருள். பெயர் மெல்லியது, விஷயம் அப்படியல்ல.

கதை நடப்பது கரிபியன் கடலிலுள்ள டொமினிக்கன் குடியரசில். அந்தத் தேசத்தை 1930 முதல் 1961 வரை ரபேல் ட்ருஹில்லோ என்ற சர்வாதிகாரி தம் கைப்பிடிக்குள் வைத்திருந்தார். தலைநகரமாகிய சாண்டோ டொமிங்கோவுக்கு 1936-ல் தம் பெயரையே சூட்டிக்கொண்டார். அது போதாதென்று, 'இந்த வீட்டில் ட்ருஹில்லோவே தலைவர்' என்று பொறித்த பலகைகள் ஜனங்களின் வீட்டுச் சுவர்களில் தொங்கின. வீட்டு எஜமானர் தம் வீட்டிலேயே விருந்தாளி ஆகிவிட்டார்!

பாட்ரியா, மினெர்வா, மரியா தெரேஸா என்ற மிராபல் சகோதரிகள் மூவரும் இந்த ஆட்சியை எதிர்த்த ரகசிய இயக்கத்தில் சேர்ந்தார்கள். வண்ணத்துப்பூச்சிகள் என்பது அவர்களுடைய மறைபெயர். 1960 நவம்பர் 25-ந் தேதி, சிறையிலிருந்த கணவன்மாரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், மூவரையும் அவர்களுடைய வண்டியோட்டியையும் ட்ருஹில்லோவின் ஆட்கள் அடித்துக் கொன்று, விபத்துப்போல் தோன்றும்படி வண்டியைப் பள்ளத்தில் தள்ளினார்கள். நம்பியவர் சிலரே. ஆறு மாதம் சென்று, 1961 மே 30-ல், ட்ருஹில்லோவும் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த நவம்பர் 25-ஐயே, பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிப்பதற்கான சர்வதேச தினமாக ஐக்கிய நாடுகள் சபை 1999-ல் அறிவித்தது.

ஆனால் நமது கூட்டத்தில் வாதம் மூண்டது இந்த மூவரைப் பற்றியல்ல. நான்காவது சகோதரி டெடேயைப் பற்றி. அவர் இயக்கத்தில் சேரவில்லை. நாவலில் கணவனுடைய விருப்பத்துக்குப் பணிந்து விலகி நிற்கிறார். அதனால் உயிர் பிழைத்தார். சகோதரிகள் விட்டுச்சென்ற குழந்தைகளை வளர்த்து, அவர்கள் கதையைக் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் சொல்லி, 2014-ல் காலமானார்.

"மூவரும் வீராங்கனைகள். நான்காமவர் பயந்து ஒதுங்கியவர். இதில் பேச என்ன இருக்கிறது?" என்றாள் கல்லூரியில் படிக்கும் பெண்.

அந்த வீட்டுப் பாட்டியம்மாளுக்கு ஆங்கிலம் தெரியாது. பேத்தி சொல்லச் சொல்லக் கதை முழுவதையும் கேட்டிருந்தார். "குழந்தாய், தாயற்றுப்போன ஆறு பிள்ளைகளை வளர்த்தவளை நீ எந்தக் கணக்கில் எழுதுவாய்? பலகை மாட்டினவர்கள் எல்லாரும் அவன்மேல் ஆசை வைத்தா மாட்டினார்கள்?" என்று கேட்டார்.

"இல்லை, பாட்டி. ஆனால் எல்லா வீட்டிலும் பயந்தவர்களே இருந்தால் அந்தப் பலகையை யார்தான் கழற்றுவது?"

கூடத்தில் சிறிது நேரம் பேச்சே எழவில்லை.

இருவர் சொன்னதும் உண்மை என்பதே நமது அபிப்பிராயம். மூவர் துணியாவிட்டால் சொல்லுவதற்குக் கதையே இல்லை. நான்காமவர் மிஞ்சாவிட்டால் சொல்லுவதற்கு ஆளில்லை. எனினும் அந்தப் பெண்ணின் கேள்வி லேசில் விடக்கூடியதல்ல. சர்வாதிகாரியின் மாளிகையைச் சிப்பாய்கள் காக்கலாம். அவர் அதிகாரத்தைக் காப்பதோ வீடுகளில் குடிகொண்ட மௌனம். வேலைக்காரன் ஒற்றனாயிருப்பானோ, அடுத்த வீட்டுக்காரர் கோள் சொல்லுவாரோ என்ற சந்தேகம் புகுந்துவிட்டால், தகப்பன் பிள்ளையிடம்கூட மனம் திறந்து பேசமாட்டான். ஒருவரை ஒருவர் நம்பாத ஜனங்களை ஆளுவது மிகவும் சுலபம்.

நாவலாசிரியைக்கு இது ஏட்டில் படித்த செய்தியல்ல. அவருடைய தகப்பனார் ட்ருஹில்லோவுக்கு எதிரான சதியில் சம்பந்தப்பட்டிருந்தபடியால், அதே 1960-ல், அவருக்குப் பத்து வயதாயிருந்தபோது, குடும்பமே நியூயார்க்குக்கு ஓட நேர்ந்தது.

அத்தகைய ராஜ்யத்தில் நமது வாசகர் கூட்டம் ஒரு மாதம்கூட நடந்திராது. பாட்டியும் மாணவியும் குரலைத் தாழ்த்தாமல் வாதாடினார்கள். பிறகு ஒரே தட்டிலிருந்து சுண்டல் எடுத்துக்கொண்டார்கள். சுதந்திரம் என்பது பெரிய வார்த்தை. அதன் அன்றாட உருவம் இவ்வளவுதான். இதைப் பழகாத ஜனங்களிடம் ஒருவர் பலகையைக் கொண்டுவந்து நீட்டும்போது, ஆணியும் சுத்தியலும் வீட்டுக்குள்ளிருந்தே வந்துவிடும்.

ஆகையால் நேயர்களே, உங்கள் தெருவிலும் ஒரு ஜமக்காளத்தை விரியுங்கள். நல்ல புஸ்தகம் ஒன்றும், உங்கள் கட்சியை ஒப்புக்கொள்ளாத ஒருவரும் இருந்தால் போதும்.