புண்ணை அட்டையில போடாதீங்க

1/ ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு அட்டைப்படம் தேர்ந்தெடுக்கிறதைப் பத்தி ஒரு டாக்டர் எதுக்கு இவ்வளவு நீளமா எழுதணும்னு கேப்பீங்க. எழுத வெச்சுட்டாங்க. கொஞ்சம் பொறுமையா படிங்க. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரங்க கட்டாயம் படிங்க.

2/ பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு தம்பி. அப்பா டேனரியில சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்தவர். தம்பி 11 கதை எழுதியிருக்கார். எல்லாமே இருட்டு. சாவு, கடன், புகை, சொல்லாம விட்டுப் போனவங்க. கையெழுத்துப் பிரதியை எனக்கு அனுப்பினார். ரெண்டு ராத்திரியில முடிச்சேன். நல்லா எழுதியிருக்கார்.

3/ போன வாரம் போன் பண்ணார். "சார், பதிப்பகத்துல அட்டை அதிரணும்னு சொல்றாங்க. உங்ககிட்ட டேனரி ஆளுங்களோட கை போட்டோ இருக்குமே, புண்ணோட? முகம் வேண்டாம் சார், கை மட்டும் போதும்." கூடவே மூணு மாதிரி அட்டை அனுப்பியிருந்தார். எந்தப் பதிப்பகம்னு சொல்லப் போறதில்லை. இது ஒரு பதிப்பகத்தோட வியாதி இல்ல.

4/ முதல் மாதிரி: கறுப்புப் பின்னணியில ஒரு கை, அதுல ஓட்டை ஓட்டையா புண். ரெண்டாவது: சேற்றுல இருந்து தூக்கற ஒரு உடம்பு. மூணாவது: ரத்தம் சொட்டற பச்சைத்தோல் குவியல், மேல ஒரு மாட்டுத்தலை. மூணையும் ஏன் வேண்டாம்னு சொன்னேன்னு ஒவ்வொண்ணா சொல்றேன்.

5/ முதல்ல கை. அப்படி ஒரு போட்டோ என்கிட்ட இருக்கு. மறைக்கல. சில வருஷம் முன்னாடி ஒரு பெரியவர் வந்தார். ரெண்டு உள்ளங்கையும் வெடிச்சு, விரல் இடுக்குல தோல் உரிஞ்சு இருந்தது. தோல் டாக்டர்கிட்ட அபிப்பிராயம் கேக்கணும், அதுக்கு ஒரு படம் எடுக்கட்டுமான்னு கேட்டேன். "எடுங்க சாமி"ன்னு ரெண்டு கையையும் நீட்டினார். அவர் சம்மதிச்சது அவ்வளவுக்குத்தான்.

6/ விதி என்ன சொல்லுது தெரியுமா? 2002-ல வந்த இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகள்படி, நோயாளியை அடையாளம் கண்டுபிடிக்கிற மாதிரி ஒரு படத்தை அனுமதி இல்லாம வெளியிடக் கூடாது. அடையாளம் தெரியலேன்னா அனுமதி அவசியம் இல்ல. தம்பி அந்த ஓட்டையைத்தான் பிடிச்சார். "கை மட்டும்தானே சார்."

7/ தம்பி, நம்ம ஊர்ல கை மட்டும்னு ஒண்ணு கிடையாது. 30 வருஷம் பக்கத்துல நின்னு வேலை பார்த்தவனுக்கு கூட்டாளியோட கட்டைவிரல் நகம் கூடத் தெரியும். அவர் பொண்டாட்டிக்குத் தெரியும். ஷூ கம்பெனி பஸ்ல போற மகளுக்குத் தெரியும். புத்தகக் கண்காட்சியில அப்பா கையை விலை ஒட்டி அடுக்கி வெச்சிருக்கிறதை அந்தப் பொண்ணு பார்த்தா, நீங்க என்ன பதில் சொல்வீங்க?

8/ இன்னொண்ணு, இது சுத்த மருத்துவ விஷயம். அந்த மாதிரி அட்டையில கையில துளை துளையா போட்டிருந்தாங்களே, அது தப்பு. அப்படி ஆணி அடிச்ச மாதிரி துளைக்கிற குரோம் புண், ஆறு இணைதிறன் உள்ள குரோமியத்தால வர்றது. குரோமேட் தயாரிக்கிற ஆலை, முலாம் பூசுற பட்டறை மாதிரி இடங்கள்ல பார்க்கறது. டேனரி டிரம்முல போடறது பெரும்பாலும் மூணு இணைதிறன் குரோமிய உப்பு. இங்க கையைக் கெடுக்கிறது சுண்ணாம்பு, சல்ஃபைடு, அமிலம், நாள் பூரா ஈரம், ஒவ்வாமை.

9/ "கதைப் புத்தகம்தானே, இதெல்லாம் யார் பார்ப்பா?" ஆலை முதலாளி பார்ப்பார். "இந்தப் புண்ணு எங்க ஆலையில வரவே வராது"ன்னு ஒரே வரியில சொல்வார். அந்த வரி உண்மையா இருக்கும். அதோட உங்க 11 கதையும் பொய்ன்னு ஆயிடும். பயமுறுத்தறதுக்காக கொஞ்சம் கூட்டிச் சொன்னா, நமக்கு நாமே குழி வெட்டிக்கிறோம்.

10/ ரெண்டாவது அட்டை, சேற்றுல உடம்பு. நம்ம பக்கத்துல இதுக்கு விளக்கம் தேவையில்லை. 2015 ஜனவரி 31. ராணிப்பேட்டை சிப்காட்டுல பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோட கசடுத் தொட்டிச் சுவர் இடிஞ்சு, பக்கத்து ஆலையில தூங்கிட்டிருந்த 10 பேர் கசடுல மூழ்கிச் செத்தாங்க. பெரும்பாலானவங்க மேற்கு வங்கத்துல இருந்து பிழைக்க வந்தவங்க.

11/ அந்தப் படத்தைப் போடறதுக்கு யார்கிட்ட அனுமதி கேப்பீங்க? வங்காளத்துல எந்தக் கிராமம்னு தெரியுமா? கேக்க ஆள் இல்லாத பொணம்கிறதால எடுத்துக்கலாமா? உயிரோட இருந்தப்ப அவங்க பேச்சு யாருக்கும் புரியல. செத்ததும் அவங்க உடம்பு நம்ம கதைக்கு உவமை ஆகணுமா? அந்தப் படம் இருக்க வேண்டிய இடம் நீதிமன்றக் கோப்பு, விசாரணை அறிக்கை, மறுநாள் செய்தித்தாள். அங்க அதுக்கு ஒரு வேலை இருந்தது.

12/ மூணாவது, மாட்டுத்தலை. இதுக்குத்தான் எனக்கு ரொம்ப கோபம் வந்தது. தோலைத் தொடற கை தீட்டுன்னு தலைமுறை தலைமுறையா சொன்ன நாடு இது. அந்த வேலைக்கு எந்தச் சாதியைத் தள்ளினாங்கன்னு உங்களுக்கே தெரியும். ஆம்பூர், வாணியம்பாடியில இந்த வியாபாரம் யார் கையில வளர்ந்ததுன்னும் தெரியும். அட்டையில ரத்தத்தையும் மாட்டுத்தலையையும் வெச்சா, கடையில நிக்கறவன் மனசுல முதல்ல வர்றது உங்க கதை இல்ல, அவன் ஏற்கெனவே வெச்சிருக்கிற அருவருப்பு. நீங்க அதை எதிர்த்துத்தானே தம்பி எழுதுனீங்க?

13/ அந்த டிசைனர் டேனரிக்குள்ள போனதே இல்லைன்னு எனக்கு நல்லாத் தெரியும். போயிருந்தா சிவப்பை எடுத்திருக்க மாட்டார். குரோம்ல ஊறி டிரம்முல இருந்து வெளிய வர்ற தோல் வெளிர் நீலம். அதுக்குப் பேரே 'வெட் ப்ளூ'. ஈரமா, குளிர்ச்சியா, ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி ஒரு நீலம். இந்த ஊரோட இருட்டுக்கு நிறம் அதுதான்.

14/ இன்னும் சொல்லப் போனா, இங்க ஆளைக் கொல்ற விஷயம் கண்ணுக்கே தெரியாது. தோல்ல முடி எடுக்க சோடியம் சல்ஃபைடு போடறாங்க. அந்தக் கழிவு, அமிலக் கழிவோட கலந்தா ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். கொஞ்சமா இருந்தா அழுகின முட்டை நாத்தம். அளவு கூடி 100 பிபிஎம் பக்கம் போச்சுன்னா மூக்கு மரத்துப் போகும். நாத்தமே தெரியாது. இன்னும் கூடினா ரெண்டு மூச்சுல ஆள் சுருண்டுடுவான். காப்பாத்தக் குதிக்கறவனும் கூடவே போவான்.

15/ "நாத்தம் நின்னுடுச்சு, இறங்கலாம்." நம்ம ஊர்ல இதைவிட பயங்கரமான வாக்கியம் எனக்குத் தெரியாது. தம்பியோட ஆறாவது கதை அதைப் பத்தினதுதான். படிச்சிட்டு எழுந்து போய் தண்ணி குடிச்சேன். அதுக்கு எந்தப் படத்தை வைப்பீங்க? இல்லாம போன நாத்தத்தை எந்தக் கேமராவுல எடுப்பீங்க?

16/ இந்தச் சண்டை புதுசு இல்ல. 1915-ல காஃப்காவோட 'உருமாற்றம்' கதை புத்தகமா வரப் போகுது. ஒருத்தன் காலையில எழுந்தா பூச்சியா மாறிக் கிடக்கிறான், அந்தக் கதைதான். ஓவியர் பேர் ஓட்டோமார் ஸ்டார்க்கே. காஃப்காவுக்கு ஒரு சந்தேகம் வந்தது, இந்த ஆள் பூச்சியையே வரைஞ்சுடுவாரோன்னு. அக்டோபர் 25 அன்னைக்கு பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினார். பூச்சியை வரையக் கூடாது, தூரத்துல இருந்து கூடக் காட்டக் கூடாதுன்னு.

17/ அவரே யோசனையும் சொன்னார். மூடின கதவுக்கு முன்னாடி அப்பா அம்மா நிக்கலாம். இல்லேன்னா, வெளிச்சமான அறையில குடும்பம், பக்கத்து இருட்டு அறைக்குப் போற கதவு மட்டும் திறந்திருக்கலாம். கடைசியில வந்த அட்டையில ஒரு ஆள் முகத்தை மூடிக்கிட்டு நடக்கிறான், பின்னாடி கதவு திறந்திருக்கு. பூச்சி இல்ல. நூறு வருஷம் தாண்டியும் அந்தக் கதவு பயமுறுத்துது.

18/ இப்ப முக்கியமான விஷயம். அதே காஃப்கா பிராகுல தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்துல வேலை பார்த்தார். மரம் இழைக்கிற இயந்திரத்துல விரல் போறதைப் பத்தி அவர் எழுதின அறிக்கை 1910-ல வந்தது. அதுல படம் இருந்தது. விரல் போன கைகளோட படம்! எந்த வடிவ உருளை விரலை வாங்குது, எந்த வடிவம் பாதுகாப்புன்னு காட்ட. அறிக்கையில புண்ணைக் காட்டினவர், கதை அட்டையில பூச்சியைக் காட்டாதேன்னார். ரெண்டும் ஒரே மனுஷன். எங்க எதைக் காட்டணும்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தது.

19/ "டாக்டர், அப்ப நீங்க மூடி மறைக்கச் சொல்றீங்களா? படம் பார்த்துத்தானே உலகம் திரும்பிப் பார்க்குது?" நியாயமான கேள்வி. மினமாட்டாவை எடுத்துக்கோங்க. ஜப்பான்ல ஒரு ரசாயன ஆலை கடல்ல விட்ட பாதரசம் மீன் வழியா தாய்க்கும், நஞ்சுக்கொடி வழியா வயித்துப் பிள்ளைக்கும் போச்சு. 1971-ல யூஜின் ஸ்மித் எடுத்த படம், ஒரு அம்மா தன் மகளைக் குளிப்பாட்டுறது. 1972-ல 'லைஃப்' பத்திரிகையில வந்து உலகத்தையே உலுக்கியது.

20/ பெத்தவங்க சம்மதத்தோடதான் எடுத்தாங்க. அப்ப ஆலையோட வழக்கு நடந்துக்கிட்டு இருந்தது. 1973-ல தீர்ப்பு நோயாளிகள் பக்கம் வந்தது. 1977-ல அந்தப் பொண்ணு இறந்துட்டா. படம் மட்டும் நிக்கல, எங்கெங்கயோ சுத்திக்கிட்டே இருந்தது. எங்க பொண்ணை ஓய்வெடுக்க விடுங்கன்னு பெத்தவங்க நினைச்சாங்க. 1998-ல, படத்தோட உரிமை வெச்சிருந்த ஐலீன் ஸ்மித் அதைப் புதுசா எங்கயும் வெளியிடறதில்லைன்னு முடிவு பண்ணார். அந்தப் பொண்ணு பேரை நான் இங்க வேணும்னேதான் எழுதல.

21/ சம்மதத்துக்கும் ஒரு ஆயுசு உண்டு. போராட்டத்துக்குன்னு குடுத்தது அலங்காரத்துக்குச் செல்லாது. அவங்க சம்மதம் குடுத்த படத்துக்கே இந்தக் கதின்னா, கேக்காம எடுக்கிற படத்தைப் பத்தி என்ன சொல்ல?

22/ மறைக்கிறதைப் பத்தியும் சொல்லிடறேன், அந்தப் பாவம் என் தொழிலுக்கும் உண்டு. மினமாட்டா ஆலை ஆஸ்பத்திரி டாக்டர் ஹோசோகாவா 1959-ல ஆலைக் கழிவைப் பூனைக்குக் குடுத்துப் பார்த்தார். பூனைக்கு அதே நோய் வந்தது. கம்பெனி ஆராய்ச்சியை நிறுத்தச் சொன்னது. அவர் வெளிய சொல்லல. 1970-ல சாகக் கிடந்தப்பத்தான் சாட்சி சொன்னார். ஆகவே தம்பி, வாயை மூடுன்னு உங்களுக்கு நான் சொல்லவே மாட்டேன்.

23/ உள்ளே எல்லாத்தையும் எழுதுங்க. பின்னுரை வெச்சு, எது நடந்தது, எந்த வருஷம், எத்தனை பேர்னு எழுதுங்க. 1996 ஆகஸ்ட் 28 அன்னைக்கு வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்குல, மாசு பண்ணவனே ஈடு கட்டணும்னு உச்ச நீதிமன்றம் சொன்னதை எழுதுங்க. 2025 ஜனவரியில இதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடி தீர்ப்பு சொல்ல வேண்டி வந்ததையும் எழுதுங்க. அட்டையில ரத்தம் தெளிக்கிறது சுலபம். இது கஷ்டம், ஆனா ஆலைக்காரங்க பயப்படறது இதுக்குத்தான்.

24/ அட்டைக்கு என்ன? வேண்டாம்னு மட்டும் சொல்லிட்டுப் போறது டாக்டருக்கு அழகில்ல, மருந்தும் எழுதணும். நான் சொன்னது இது: மே மாசச் சாயங்காலம், உள்ளே விளக்கு எரியுது, ஜன்னல் இறுக்கச் சாத்தியிருக்கு. அவ்வளவுதான். பின்னணி அந்த வெட் ப்ளூ நிறம்.

25/ வெளியூர்க்காரன் பார்த்தா, இந்த வெயில்ல யாராவது ஜன்னலைச் சாத்துவாங்களான்னு யோசிப்பான். வாங்கிப் படிச்சா புரியும். நம்ம ஊர்க்காரங்களுக்கு யோசிக்கவே வேண்டாம். காத்து திரும்பினா அம்மா ஓடிப் போய் முதல்ல எதைச் சாத்துவாங்கன்னு நமக்குத் தெரியும். அந்த ஜன்னல் யாரோட உடம்பும் இல்ல. யார்கிட்டயும் திருடினதும் இல்ல.

26/ அட்டை தேர்ந்தெடுக்கிற எல்லாருக்கும், எழுத்தாளரோ டிசைனரோ, மூணே கேள்வி. படத்துல இருக்கிறது யாரோட உடம்பு? அவங்களோ அவங்க வீட்டுக்காரங்களோ கடையில இதைப் பார்த்தா நீங்க பக்கத்துல நிப்பீங்களா? இந்தப் படத்தை எடுத்துட்டா கதை பலவீனமா ஆகுமா? மூணாவதுக்கு ஆமான்னு பதில் வந்தா, அட்டையை விட்டுட்டு கதையைத் திருத்துங்க.

27/ தம்பி இன்னும் முடிவு சொல்லல. "விக்காது சார்னு சொல்றாங்க"ன்னு நேத்து ராத்திரி மெசேஜ். விக்காம போகலாம், அந்தப் பயம் நியாயமானதுதான். முதல் புத்தகம், அப்பா வைத்தியக் கடன் வேற இருக்கு. அதனாலதான் இதைப் பொதுவுல எழுதறேன். ஜன்னல் போட்ட அட்டையோட வந்தா நான் 50 பிரதி வாங்கறேன், க்ளினிக்ல வெக்கறேன். நீங்க எத்தனை வாங்குவீங்கன்னு கீழ சொல்லுங்க. பதிப்பகத்துக்கு அந்த எண்ணிக்கையை அப்படியே அனுப்பி வைக்கறேன்.