ரெகுலேட்டர் மேல கை வைக்காதீங்க!

டிஸ்கி: குடி குடியைக் கெடுக்கும். ஆனா இது குடிக்கறதைப் பத்தின பதிவு இல்ல, குழாயைப் பத்தினது :-)

வீட்லயே பீர் காய்ச்சறதுக்கு அமெரிக்க மத்திய சட்டம் வழிவிட்டது 1978-ல, கார்ட்டர் காலத்துல. போர்ட்லண்ட் வந்த புதுசுல பக்கத்து சீட் நண்பர்கிட்டேர்ந்து எனக்கும் தொத்திக்கிச்சு. பாட்டில் கழுவி அலுத்துப்போய், போன வருஷம் 5 காலன் கெக்குக்கு மாறினேன். அங்க ஆரம்பிச்சது சனி.

குழாயைத் திறந்தா டம்ளர் முழுக்க நுரை. அழுத்தம் அதிகம்னு நானே தீர்ப்பு எழுதி, 12 பி.எஸ்.ஐ.லேர்ந்து 5-க்கு இறக்கினேன். ஃப்ரிட்ஜையும் இன்னும் குளிராக்கினேன். நுரை நிக்கல. நாலு நாள்ல பீர் சப்புனு ஆயிடுச்சு. பதறிப்போய் 30-க்கு ஏத்தி, கெக்கை உலுக்கு உலுக்குனு உலுக்கினேன். முன்னைவிட நுரை! அன்னிக்கு வீட்டுக்கு வந்தவங்களுக்குக் கடையில வாங்கினதுதான் கிடைச்சது. ஒன்றரை மாச உழைப்பு சிங்க்ல போச்சு.

என் கட்சி இதுதான்: ரெகுலேட்டர் நுரையைக் குறைக்கற கருவி இல்ல. பீர்ல எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு கரையும்னு தீர்மானிக்கறது வெப்பநிலையும் அழுத்தமும். 38 டிகிரி ஃபாரன்ஹீட், 12 பி.எஸ்.ஐ. வெச்சா, பீரோட கொள்ளளவைப் போல சுமார் இரண்டரை மடங்கு வாயு கரையும். சாதாரண ஏலுக்கு அது போதும். அழுத்தத்தை இறக்கினா, கரைஞ்ச வாயு ட்யூப்லயே பிரிஞ்சு வெளிய வரும். அதுவும் நுரைதான். நான் மருந்துன்னு கொடுத்தது வியாதியைத்தான்.

நிஜக் குற்றவாளி கெக்குலேர்ந்து குழாய்க்குப் போற ட்யூப். வெறும் 4 அடி. உரசல் போதாம பீர் பாய்ஞ்சு வந்து நுரைச்சிருக்கு. அடுத்த தடவை 3/16 அங்குல உள்விட்டத்துல 10 அடி போட்டேன். 12-லயே விட்டுட்டு ரெண்டு வாரம் தொடல. இப்ப சாதுவா இறங்குது. முதல் டம்ளர் மட்டும் கொஞ்சம் நுரைக்கும், ஃப்ரிட்ஜுக்கு வெளிய இருக்கற குழாய் குளிராம இருக்கறதால.

ஆபீஸ்ல ஜூனியர் பசங்ககிட்ட "ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்திப் பாருங்கப்பா"ன்னு உபதேசம் பண்றவன் நான். வீட்ல அழுத்தம், வெப்பம், உலுக்கல்னு எல்லாத்தையும் மாத்தினேன், ட்யூபைத் தவிர. திருகறதுக்கு வாகா கைக்கிட்ட இருந்தது ரெகுலேட்டர், அவ்ளோதான் காரணம்.

உங்க கெக்கும் நுரைக்குதா? முதல்ல டேப் எடுத்து ட்யூபை அளந்துட்டு வாங்க. அப்புறம் பேசலாம்.