கதை கேட்டது போதும், பதில் சொல்லுங்கள்

வேலையிடத்தில் எந்தக் கோளாறு என்றாலும் இன்று ஒரே மருந்தைத்தான் எழுதிக் கொடுக்கிறார்கள். தொழிலாளி தன் கதையைச் சொல்லட்டும், மேலாளர் பரிவோடு கேட்கட்டும், பிறகு வடிவமைப்புச் சிந்தனை என்ற முறைப்படி எல்லோரும் கூடித் தீர்வு காணட்டும் என்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் ஐடியோ நிறுவனமும் உலகெங்கும் பரப்பிய முறை இது. பரிவோடு புரிந்துகொள்வது, பிரச்சினையை வரையறுப்பது, யோசனை திரட்டுவது, மாதிரி செய்வது, சோதித்துப் பார்ப்பது என்று அதற்கு ஐந்து படிகள். மலேசியாவில் நம் தோட்டங்களுக்கும் இதுவே வழி என்று நம்புகிறவர்கள் பெருகிவிட்டார்கள்.

மேலே இருப்பவர்களுக்கு விஷயம் தெரியாததால்தான் கீழே இருப்பவர்கள் துன்பப்படுகிறார்கள், தெரிந்துவிட்டால் மாற்றிவிடுவார்கள் என்பதுதான் இந்த நம்பிக்கையின் ஆணிவேர். நெகிரி செம்பிலான் தோட்டங்களின் வரலாறு அறிந்தவர்கள் இதை ஏற்க மாட்டார்கள். இங்கே தொழிலாளி ஒருபோதும் ஊமையாக இருந்ததில்லை.

1941இல் பக்கத்து மாநிலமான சிலாங்கூரில், கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. ஆர். எச். நாதன் முன்னின்ற அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகள் தெளிவாகவே இருந்தன. சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான பள்ளிக்கூடம் வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பெண்களிடம் அத்துமீறுவது நிற்க வேண்டும். துரைக்கும் கிராணிக்கும் எதிரே சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை வேண்டும். ஒரு மனிதன் நாள்தோறும் படும் அவமானத்தை இந்தச் சைக்கிள் கோரிக்கையைவிடத் துல்லியமாக எந்தப் பயிற்சியாளர் எழுதிவிடப் போகிறார்? துரைமார்களுக்கு அது நன்றாகவே புரிந்தது. புரிந்ததால்தான் பட்டாளம் வந்தது; தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்; நாதன் நாடு கடத்தப்பட்டார்.

போருக்குப் பிறகு நிலைமை கொஞ்சமாவது மாறியது என்றால், துரைமார் மனம் இளகியது அதற்குக் காரணமில்லை. தொழிலாளர்கள் சங்கம் கட்டினார்கள். நெகிரி செம்பிலானில் தொழிற்சங்கப் பணியைத் தொடங்கிய பி. பி. நாராயணன், 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் தூணாக நின்றார். அதன் பிறகு முதலாளி கதை கேட்டால் மட்டும் போதாது, ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட வேண்டியிருந்தது. அந்தச் சங்கத்தின் மீது ஆயிரம் குறை சொல்லலாம். ஆனாலும் மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்காரும் உரிமையை அதுதான் பெற்றுத் தந்தது.

வடிவமைப்புச் சிந்தனையின் உண்மையான ஓட்டை எங்கே இருக்கிறது என்று பார்க்க, மருந்தடிக்கும் பெண்களிடம் போக வேண்டும். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் காலைக் கூட்டத்துக்கு வந்து, பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு, செம்பனை நிரைகளுக்கு இடையே களைக்கொல்லி அடித்துக்கொண்டே நடப்பார்கள். பம்பின் மூடி சரியில்லை என்றால் மருந்து முதுகில் வழியும். வெயில் ஏறியதும் முகமூடி வியர்வையில் நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொள்ளும். மூச்சு முட்டும்போது அதைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு வேலையைத் தொடர்வார்கள். பல காலம் அவர்கள் அடித்த மருந்துகளில் ஒன்று பாராகுவாட். உடலுக்குள் போனால் அதற்கு முறிவு மருந்து கிடையாது.

இந்தக் காட்சியை ஒரு வடிவமைப்புச் சிந்தனைப் பட்டறையில் வைத்தால் என்ன கேள்வி பிறக்கும்? பெண்களைக் கடைசிவரை முகமூடி அணிய வைப்பது எப்படி என்றுதான் கேட்பார்கள். காற்றோட்டமுள்ள துணி, அழகான சுவரொட்டி, நினைவூட்டும் பாட்டு என்று மஞ்சள் சீட்டுகள் சுவரை நிறைக்கும். அந்தப் பெண்கள் கேட்டதோ வேறு கேள்வி: இந்த விஷம் எதற்கு? பட்டறைக்குப் பணம் கட்டுகிறவர் அந்தக் கேள்வியைச் சுவரில் ஏற விடமாட்டார். ஐந்து படிகளில் இரண்டாவது படியை, அதாவது பிரச்சினை எது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை, நிர்வாகம் தன் கையிலேயே வைத்துக்கொள்கிறது. மற்ற நான்கும் அதன் நிழலில்தான் நடக்கின்றன.

மூக்கில் ரத்தம் வடிந்ததையும் நகம் கெட்டுப்போனதையும் கண் எரிந்ததையும் அந்தப் பெண்கள் சொல்லாமல் இல்லை. ஐரீன் பெர்னாண்டஸ் நிறுவிய தெனாகானித்தா அமைப்பு அவற்றையெல்லாம் ஆய்வாகவே பதிவுசெய்தது. 2002இல் அரசு பாராகுவாட்டைத் தடை செய்வதாக அறிவித்தது. 2006இல் தடையைத் தளர்த்தியது. முழுத்தடை வந்தது 2020 ஜனவரி 1ஆம் தேதி. ஐரீன் 2014இலேயே மறைந்துவிட்டார். அந்த மருந்தை விற்ற சின்ஜென்டாவின் தாயகமான சுவிட்சர்லாந்து அதை 1989இலேயே தடை செய்திருந்தது. கதைகளுக்கா இங்கே பஞ்சம்? கேட்டவர்கள் பதில் சொல்லாமலேயே பதினெட்டு ஆண்டுகளைக் கடத்தினார்கள்.

நிர்வாகம் சொல்லும் கதையும் ஒன்று உண்டு: தோட்டம் ஒரு குடும்பம். நீலாயிலும் லாபுவிலும் சிரம்பானைச் சுற்றிலும் தோட்டங்கள் வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, அந்தக் குடும்பத்துக்குச் சட்டம் போட்ட விலை என்ன? 1980ஆம் ஆண்டின் ஆட்குறைப்பு விதிகளின்படி, ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவருக்கு ஓர் ஆண்டுக்கு 20 நாள் கூலி. மூன்று தலைமுறையாகக் குடியிருந்த லயத்து வீட்டையும் விட்டுக் கிளம்ப வேண்டும். குடும்பக் கதையை நம்பியவர்கள்தான் இதில் அதிகம் ஏமாந்தார்கள்.

இன்று எஞ்சியிருக்கும் தோட்டங்களில் குலை வெட்டுபவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும். வேலை பெர்மிட் ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருக்கும் ஒருவரிடம் மனம் திறந்து பேசு என்பது நியாயமா? உண்மையைச் சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயப்படுகிறவர் சிரித்த முகத்தோடு நல்ல கதையைத்தான் சொல்வார். 2020 டிசம்பரில் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருப்பதாகச் சொல்லி சைம் டார்பி பிளாண்டேஷனின் செம்பனை எண்ணெயைத் துறைமுகத்தில் நிறுத்தியது. அதன் பிறகுதான், தொழிலாளர்கள் வேலைக்கு வருவதற்காகக் கட்டிய ஆள்சேர்ப்புக் கட்டணத்தை நிறுவனம் திருப்பிக் கொடுத்தது. 2023இல் தடை நீங்கியது. பரிவு அசைக்காததை வியாபார இழப்பு அசைத்தது.

கேட்பது தீது என்று நான் சொல்லவில்லை. கேட்டதற்குக் கட்டுப்படாத கேட்பு வஞ்சகம் என்கிறேன். கட்டுப்படுவதற்கான கருவிகளும் சட்டத்திலேயே இருக்கின்றன. 40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும் என்கிறது 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். உடனடி ஆபத்து வந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி வேலையை விட்டு விலகிக்கொள்ளலாம் என்ற உரிமை 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இந்த உரிமையைத் தமிழிலும் இந்தோனேசிய மொழியிலும் வங்காளத்திலும் பெரட்டுக் களத்தில் எழுதி மாட்டுங்கள். குழுவில் மருந்தடிப்பவரும் குலை வெட்டுபவரும் உட்காரட்டும். அவர்களைத் தொழிலாளர்களே தேர்ந்தெடுக்கட்டும். அவர்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் மேனேஜர் தேதி போட்டு எழுத்தில் பதில் தரட்டும். இதைச் செய்யாத தோட்டத்துக்குள் கதைப் பட்டறையைக் கொண்டுவராதீர்கள். இதைச் செய்துவிட்ட தோட்டத்துக்கு அந்தப் பட்டறையே தேவைப்படாது.