ஆங்கில இரக்கச் சொற்கள்

நம் மாணவர் ஒருவர், தந்தையை இழந்த நண்பருக்கு ஆங்கிலத்தில் ஆறுதல் மடல் வரைய முற்படுகின்றார் எனக் கொள்வோம். அகராதியைப் புரட்டுகின்றார். இரக்கம் என்பதற்கு நேராகப் 'பிட்டி' என்னும் சொல் நிற்கின்றது. 'ஐ பிட்டி யூ' என எழுதி அனுப்பிவிடுகின்றார். இலக்கணப் பிழை ஏதும் அதில் இல்லை. ஆயினும் பெறுபவர் நெஞ்சம் புண்படும். மேலே நிற்பவன் கீழே கிடப்பவனை நோக்கும் பார்வை அத்தொடரில் ஒலிப்பதே காரணம்.

அச்சொல்லின் பிறப்பு இழிவானதன்று. கடமையுணர்வையும் பற்றையும் குறித்த 'பியெத்தாஸ்' என்னும் இலத்தீன் சொல்லே அதன் மூலம். இறைப்பற்றைச் சுட்டும் 'பயட்டி'யும் அதே வயிற்றுப் பிள்ளை. 1611ஆம் ஆண்டு வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில் 'பிட்டிஃபுல்' என்பது 'இரக்கம் நிறைந்த' என்னும் பொருளில் ஆளப்பட்டுள்ளது. இன்றோ, எள்ளத்தக்கதொன்றை அச்சொல்லால் சுட்டுகின்றனர். உள்ளத்தை உருக்குவது எனப் பொருள்பட்ட 'பெதட்டிக்' இன்று வசைச்சொல். 'சில்லி'யின் வீழ்ச்சி இன்னும் பெரிது: முன்னாளில் பேறு பெற்றவர், பின்னர் இரங்கத்தக்கவர், இந்நாளில் அறிவிலி! இரக்கம் ஏளனமாகத் திரிய நெடுந்தொலைவு நடக்க வேண்டியதில்லை போலும். நம் 'ஐயோ பாவம்' மட்டும் என்னவாம்? சொல்பவர் குரலைப் பொறுத்து அதுவும் குத்தும்.

'சாரி' என்னும் சொல் நம்மிடையே படும் பாடு தனிக்கதை. இது துயரைக் குறிக்கும் 'சாரோ'வோடு பிறந்தது என்றே பலரும் எண்ணுவர். உண்மையில், புண்ணையும் நோவையும் குறிக்கும் 'சோர்' என்பதே இதன் உறவு. 'நோகின்றேன்' என்பதே அடிப்படைப் பொருள். பிழை செய்தவன் நோவதும் பிறர் துயர் கண்டவன் நோவதும் இவ்வொரு சொல்லில் அடங்கும். இதனை உணராத மொழிபெயர்ப்பாளர், இழவு வீட்டில் ஆங்கிலேயர் கூறும் 'ஐ ஆம் சாரி' என்பதை 'மன்னியுங்கள்' எனப் பெயர்க்கின்றனர். இறப்புக்கு அவரா காரணர்? 'வாட் எ ஷேம்' என்பதிலும் வெட்கத்துக்கு இடமில்லை. 'அடடா, இப்படி ஆகிவிட்டதே' என்பதே அதன் கருத்து.

ஏமாற்றத்தைக் குறிக்கும் 'டிஸ்அப்பாயின்ட்' என்னும் வினை, பதவியினின்று நீக்குதல் என்னும் பொருளில் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. அந்த வடு இன்றும் மறையவில்லை என்பேன். தேர்வு முடிவில் ஏமாற்றம் என்றால் 'அட்' அல்லது 'வித்' என்னும் இடைச்சொல் போதும். 'உன்னிடம்' என்னுமிடத்தில் 'இன்' வருமாயின், கேட்பவர் பண்பையே குறைகூறியதாகும். ஆசிரியரின் கடுஞ்சொல்லைவிட இது ஆழமாகத் தைக்கும்.

'எம்பதி' என்பது 1909இல் டிட்ச்னர் என்னும் உளவியலறிஞர் ஜெர்மன் சொல்லொன்றைத் தழுவிப் படைத்தது. 'பிட்டி'யும் 'சிம்பதி'யும் இருக்க, பிறர் உணர்வினுள் புகுந்து உணர்தலைச் சுட்ட ஆங்கிலத்துக்குப் புதுச்சொல் தேவைப்பட்டது நோக்கத்தக்கது.

ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் எனத் தரும் நம் கையகராதிகள், சொல்பவர் எங்கு நின்று சொல்கின்றார் என்பதையும் குறித்தல் வேண்டும். பாடநூல்களும் இவற்றைச் சூழலோடு கற்பித்தல் வேண்டும். அம்மாணவரின் மடலுக்கு 'ஐ ஆம் சாரி ஃபார் யுவர் லாஸ்' என்னும் ஒரு தொடர் போதுமாயிருந்தது.