ஐதரசன் நீரும் நம் நாட்டுக் குரக்கனும்

ஐதரசன் செறிந்த நீரைப் பருகினால் நீரிழிவும் இருதய நோயும் அகலுமெனக் கூறி, அந்நீரை ஆக்கும் போத்தல்களை விற்போர் இன்று பலராயினர். கைத்தொலைபேசி வழியே அவர்தம் விளம்பரம் வன்னிக் கிராமங்களையும் எட்டிவிட்டது. கடல் கடந்து வாழும் நம் பழைய மாணவர், ஊரிலுள்ள பெற்றோருக்கு இவற்றை வாங்கியனுப்ப எண்ணுதலும் கூடும். அவர் பொருட்டே இச்சில சொற்கள்.

ஆராய்ச்சி பொய்யன்று. 2007ஆம் ஆண்டில் யப்பானிய அறிஞர் ஓத்தாவும் அவர் குழுவினரும், உயிர்க்கலங்களைக் கெடுக்கும் ஐதரொட்சில் மூலிகத்தை ஐதரசன் தெரிந்தெடுத்து அடக்குதலை எலிகளிற் காட்டினர். மறு ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், நீரிழிவுடையோரும் அதன் வாயிலில் நிற்போருமாக 36 பேர் எட்டு வாரம் நாடோறும் 900 மில்லிலீற்றர் ஐதரசன் நீர் அருந்தினர். குருதிக் கொழுப்பிற் சிறிது நன்மை தோன்றிற்று. பின்னர், இதயம் நின்று மீண்டும் இயங்கியும் உணர்வு திரும்பாத 73 நோயாளரை யப்பானில் 15 மருத்துவமனைகளிற் சோதித்தனர். ஐதரசனைச் சுவாசித்தோருள் 85 வீதத்தினரும், ஏனையோருள் 61 வீதத்தினரும் தொண்ணூறாம் நாளில் உயிருடனிருந்தனர். 2023இல் வெளியான இம்முடிவு மகிழத்தக்கதே. எனினும் கொரோனாப் பரவலால் அச்சோதனை இடையிலே நின்றது. மூளை நலம் பற்றிய முதன்மை வினாவுக்கு ஐயமற்ற விடை கிட்டிற்றில்லை. அன்றியும், ஆங்கு அளித்தது மருத்துவர் மேற்பார்வையில் நூற்றுக்கு இரண்டு பங்கு ஐதரசன் கலந்த வாயு, போத்தல் நீரன்று. நீரைப் பிறப்பிப்பது என்பதே ஐதரசன் என்னும் பெயரின் பொருள். நோயைப் போக்குவது என்று பொருள் செய்தோர் வணிகரே!

சாதாரண அமுக்கத்தில் ஒரு லீற்றர் நீரிற் கரையும் ஐதரசன் ஏறத்தாழ 1.6 மில்லிகிராம் மாத்திரமே. மூடியைத் திறந்து வைத்தால் அதுவும் வெளியேறிவிடும். நாம் உண்ணும் குரக்கன், பயறு, கௌபி முதலியவற்றின் சமியாப் பகுதியைப் பெருங்குடலிலுள்ள பற்றீரியங்கள் நொதிக்கச் செய்து, அதே வாயுவை விலையின்றி ஆக்குகின்றன. விடுதியிற் பயறு உண்ட பழைய மாணவர்க்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா. அவ்வாயு இருதயத்தைக் காக்குமென்று யான் வாதிக்க வரவில்லை. வெள்ளை மாப் பிட்டுக்கு இடங்கொடுத்துக் குரக்கன் பிட்டை நாம் கைவிட்டது நட்டமென்பதே என் துணிபு.

அஞ்சத்தக்கது ஒன்றுண்டு. கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கும் மெற்போமின் குளிசையை நிறுத்திவிட்டு, பிள்ளை அனுப்பிய போத்தலை ஒரு தாய் நம்பியிருத்தல். அப்போத்தலின் விலையைக் குருதிச் சீனி பார்க்கும் கருவிக்கும் அதன் தாள்களுக்கும் அனுப்புக. எஞ்சியதை, துணுக்காயிலும் ஒட்டுசுட்டானிலும் உட்கிராமங்களில் வாழும் முதியோர் மாதந்தோறும் கிளினிக் சென்று திரும்பும் ஓட்டோக் கூலிக்கு அனுப்புக.