ஓட்டல்காரரின் கம்ப்யூட்டர் பில் போட மட்டும்தானா?

கம்பத்திலோ போடியிலோ ஓட்டல் நடத்துபவர் கம்ப்யூட்டர் வாங்கினால் பெரும்பாலும் பில் போடத்தான் வாங்குகிறார். அதைவிடப் பெரிய வேலை ஒன்று அதற்கு உண்டு என்பது என் கருத்து. வீட்டுக்குச் சாப்பாடு கொண்டு போகும் கம்பெனிகளோடு கணக்கில் தகராறு வந்தால், உங்கள் தரப்புக்குச் சாட்சி அதுதான்.

கமிஷன் அதிகம் என்று நாமக்கல் ஓட்டல்காரர்கள் 2025 ஜூலை 1 முதல் ஸ்விக்கி, சொமேட்டோ ஆர்டர்களை நிறுத்தினார்கள். ஒற்றுமை நல்லதுதான். ஆனால் அது நெருக்கடி கொடுக்கும் வழி, சட்ட வழி அல்ல.

சட்ட வழியில் போனது இந்திய தேசிய உணவகங்கள் சங்கம். 2021-ல் இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தது. 2022 ஏப்ரல் 4-ல் விசாரணைக்கு உத்தரவு வந்தது. வேறு இடத்தில் இதைவிடக் குறைந்த விலைக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை அதில் முக்கியமானது. இரு நிறுவனங்களும் போட்டிச் சட்டத்தை மீறியதாக விசாரணையில் தெரிந்தது என 2024 நவம்பரில் செய்தி வெளியானது. ஒன்றைக் கவனியுங்கள்: கமிஷன் சதவீதத்தைக் குறைத்துத் தருவது ஆணையத்தின் வேலை அல்ல. வியாபாரத்துக்கான சேவை என்பதால் நுகர்வோர் கோர்ட்டும் பெரும்பாலும் கைகொடுக்காது.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஓட்டலின் சம்மதம் இல்லாமல் அதன் பெயரில் ஆர்டர் எடுக்கக் கூடாது என்று 2021 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. இங்கே அப்படி ஒரு சட்டம் வந்தால் நல்லது.

அதுவரை உங்களுக்கு மிஞ்சுவது ஒப்பந்தம்தான். 'சம்மதம்' என்ற கட்டத்தில் நீங்கள் டிக் செய்ததும் ஒப்பந்தமே. மின்னணு முறையில் செய்தது என்பதாலேயே அது செல்லாமல் போகாது என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு. யாராவது அதைப் படித்துப் பார்க்கிறோமா? வழக்கு எந்த ஊரில், கோர்ட்டிலா மத்தியஸ்தரிடமா என்பதெல்லாம் அதற்குள்தான் இருக்கும். தேனியிலிருந்து பெங்களூருக்கு வாய்தாவுக்கு அலைவது யாருக்கு லாபம் என்று யோசியுங்கள்.

எனவே ஒப்பந்தத்தை பி.டி.எஃப். ஆக சேமியுங்கள். நிபந்தனை மாறியதாக வரும் இ-மெயிலை அழிக்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி, கம்ப்யூட்டர் பதிவைக் கோர்ட்டில் காட்டச் சான்றிதழ் வேண்டும். அதில் ஃபைலின் ஹேஷ் வேல்யூவையும் எழுத வேண்டும். ஃபைலின் கைரேகை மாதிரி அது. ஒரு எழுத்து மாறினாலும் மாறிவிடும். மாதாந்திரக் கணக்கு ஸ்டேட்மென்ட்டையும் உடனுக்குடன் டவுன்லோட் செய்து பென் டிரைவில் ஒரு காப்பி வையுங்கள். உங்கள் கணக்கை முடக்கிவிட்டால், பிறகு லாகின் திறக்காது.